கணினிக்குள் ஓடும் ஆறெழுத்து

பெரிய எண் அட்டவணைகளைப் பெருக்கவும் சமன்பாடுகளைத் தீர்க்கவும் நிரல் எழுதுகிறவர்களுக்கு என்றைக்காவது ஒருநாள் திரையில் ஒரு வரி வந்து விழும். ‘டிஜெம்முக்குள் நுழையும்போது 8-வது உள்ளீட்டின் மதிப்பு செல்லாது’ என்று சொல்லிவிட்டு நிரல் பெரும்பாலும் அத்தோடு நின்றுவிடும். எழுதியவருக்கு ஒன்றும் புரியாது. அவர் எழுதியது பைத்தானில் இருக்கும், அல்லது ஆர் மொழியில், இல்லையென்றால் சி மொழியில். டிஜெம் என்ற பெயரை அவர் எங்கேயும் தட்டியிருக்கவே மாட்டார்.

டி, ஜி, இ, எம், எம் என்று ஐந்து ரோமன் எழுத்துகள். சேர்த்து உச்சரித்தால் டிஜெம். முதல் எழுத்து, எண்கள் சுமார் 16 இலக்கத் துல்லியத்தில் இருக்கின்றன என்று சொல்கிறது. ஜி-இ என்றால் பொதுவான அணி, அதாவது தனிச்சிறப்பு எதுவும் இல்லாத அணி. எம்-எம் என்றால் அணியை அணியால் பெருக்கு. புகார் வந்த 8-வது உள்ளீடு, முதல் அணியின் ஒரு நெடுவரிசைக்கும் அடுத்த நெடுவரிசைக்கும் நினைவகத்தில் எவ்வளவு தூரம் என்று சொல்லும் எண். அந்தத் தூரத்தை யாரோ தப்பாகக் கொடுத்துவிட்டார்கள். புகாரை எழுதி அனுப்பியது டிஜெம்கூட இல்லை, அதற்குத் துணையாக நிற்கும் எக்ஸெர்பிளா என்ற ஆறெழுத்து ஆசாமி.

வானிலையைக் கணிக்கிறவர், பாலத்தின் பாரத்தைக் கணக்கிடுகிறவர், விமான இறக்கையை வடிவமைக்கிறவர், செயற்கை நுண்ணறிவுக்குப் பாடம் புகட்டுகிறவர் எல்லோருடைய கணக்கும் கடைசியில் பெரும்பாலும் அணிப் பெருக்கலிலோ, பள்ளியில் நாம் படித்த ஒருங்கமை சமன்பாட்டிலோ வந்து நிற்கிறது. பள்ளியில் இரண்டு சமன்பாடு, மூன்று சமன்பாடு. இங்கே லட்சம், கோடி. அந்த வேலையைச் செய்யும் லைப்ரரிகளின் பெயர் லாபேக், பிளாஸ். பைத்தானின் நம்பை, மேட்லேப், ஆர், ஜூலியா, ஆக்டேவ் எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம் இவைதான். அரசு ஆய்வுக்கூடங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் பொதுப் பணத்தில் எழுதப்பட்டு, கேட்டவருக்கெல்லாம் கொடுக்கப்பட்டவை.

இவற்றை எழுதியவர்கள் செய்தவற்றுள் மிகப் பெரியது என்று நான் நினைப்பது, ஒரு பெயருக்கு உலகமே கட்டுப்பட்டு நடக்கலாம் என்று அவர்கள் ஏற்படுத்திய உடன்பாட்டைத்தான். அந்த உடன்பாட்டின் கதை இது.

18 சமன்பாடு, இரண்டு வாரம்

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, லண்டனை ஒட்டிய டெடிங்டனில் இருக்கும் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் ஒரு கணக்கு வந்து சேர்ந்தது. 18 மாறிகள் கொண்ட 18 சமன்பாடுகள். கணினி இன்னும் வரவில்லை. மேசை மேல் வைத்துக் கையால் இயக்கும் கணக்குப் பொறிதான். லெஸ்லி ஃபாக்ஸ், குட்வின், ஆலன் டூரிங், ஜேம்ஸ் வில்கின்சன் ஆகிய நால்வரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். முடிக்க இரண்டு வாரம் பிடித்தது.

அவர்களுக்கு உள்ளூரப் பயம் இருந்தது. ஒவ்வொரு படியிலும் கடைசி இலக்கத்தை வெட்டித்தானே எழுதுகிறோம், அந்தச் சின்னப் பிழை அடுத்தடுத்த படிகளில் குட்டி போட்டுப் பெருகாதா என்ற பயம். அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் ஹெரால்டு ஹோட்டலிங், ஒவ்வொரு சமன்பாடு கூடும்போதும் பிழை நான்கு மடங்காகலாம் என்று 1943-ல் எழுதியிருந்தார். அதை அப்படியே எடுத்துக்கொண்டால் 18 சமன்பாட்டுக்குள் பத்து இலக்கத் துல்லியமும் கரைந்து காணாமல் போயிருக்க வேண்டும். கிடைத்த விடையை மூலச் சமன்பாடுகளில் போட்டுப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட கடைசி இலக்கம் வரை பொருந்தியது.

ஏன் பொருந்தியது என்று கேட்டுக்கொண்டே வில்கின்சன் தன் ஆராய்ச்சி வாழ்க்கையை நடத்தினார். கணினி தரும் விடை நம் கணக்குக்கு அப்படியே சரியான விடை இல்லாமல் இருக்கலாம். ஆனால் நம் கணக்கிலிருந்து இம்மியளவு விலகிய இன்னொரு கணக்குக்கு அது மிகச் சரியான விடை. இதை அவர் நிரூபித்துக் காட்டியதும், எந்தக் கணினி முறையை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று தரம் பிரிக்க ஒரு வழி பிறந்தது. 1970-ல் அவருக்கு டூரிங் விருது கிடைத்தது. மறு ஆண்டு கிறிஸ்டியன் ரைன்ஷுடன் சேர்ந்து, அணிக் கணக்குகளுக்கான நம்பகமான செய்முறைகளைத் தொகுத்து ஒரு கையேடு வெளியிட்டார். செய்முறைகள் எல்லாம் அல்கால் மொழியில் இருந்தன. ஐரோப்பாவில் அல்காலுக்கு மதிப்பு. அமெரிக்க விஞ்ஞானிகளோ ஃபோர்ட்ரானைத் தவிர வேறொன்றைத் தொடமாட்டார்கள்.

ஆர்கானில் ஒரு விசித்திர ஆராய்ச்சி

சிகாகோவுக்கு வெளியே இருக்கும் ஆர்கான் தேசிய ஆய்வகம் அணு ஆராய்ச்சிக்காகப் பிறந்தது. வில்கின்சன் கோடைக் காலங்களில் அங்கே வந்து தங்குவது வழக்கம். 1970-களின் தொடக்கத்தில் அங்கிருந்தவர்கள் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் பணம் கேட்டு ஒரு திட்டம் அனுப்பினார்கள். படித்துப் பார்த்தால் இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது. புதிய கணிதம் எதையும் கண்டுபிடிப்பதாக அதில் அவர்கள் சொல்லவில்லை. தரமான கணித மென்பொருளை எழுத, சோதிக்க, பிறருக்குக் கொண்டு சேர்க்க என்ன முறை வேண்டும், எவ்வளவு செலவாகும் என்பதையே ஆராய வேண்டும் என்றார்கள். மென்பொருள் எழுதுவதை ஆராய்ச்சி என்று யாரும் மதிக்காத காலம் அது. இன்றும் பல இடங்களில் மதிப்பதில்லை.

அதில் பிறந்ததுதான் ஐஸ்பேக். ஐகன் மதிப்புகளைக் காணும் நிரல்களின் தொகுப்பு. ஐகன் சிஸ்டம் என்பதிலிருந்து முதல் பாதி, பேக்கேஜ் என்பதிலிருந்து மறு பாதி. ‘பேக்’ என்று முடியும் பெயர் வரிசை இங்கே தொடங்குகிறது. வில்கின்சன் கையேட்டின் அல்கால் செய்முறைகளை ஃபோர்ட்ரானுக்கு மாற்றினார்கள். மாற்றியதோடு விடவில்லை. அன்று ஒரு நிறுவனத்தின் கணினியில் ஓடும் நிரல் இன்னொரு நிறுவனத்தின் கணினியில் ஓடும் என்று சொல்ல முடியாது. ஓடினாலும் அதே விடை வரும் என்று சொல்லவே முடியாது. பல நிறுவனங்களின் கணினிகளில் ஓட்டி, ஒவ்வொரு விடையையும் சரிபார்த்த பிறகே வெளியே விட்டார்கள்.

அந்தச் சரிபார்ப்பு வேலைக்கு 1972-ல் ஒரு மாணவர் வந்து சேர்ந்தார். சிகாகோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்துக்கொண்டிருந்த ஜாக் டொங்காரா. பள்ளியில் அறிவியல் ஆசிரியராக வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். ஒரு பருவம் ஆர்கானில் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர், வாழ்நாள் முழுக்க இந்த வேலையிலேயே தங்கிவிட்டார். 2021-க்கான டூரிங் விருது அவருக்குத்தான்.

அடுத்து வந்தது லின்பேக். லின் என்றால் லீனியர், நேரியல் சமன்பாடுகள். டொங்காராவோடு மேரிலேண்டிலிருந்து ஜி. டபிள்யூ. ஸ்டூவர்ட், சான் டியேகோவிலிருந்து ஜேம்ஸ் பன்ச், நியூ மெக்சிகோவிலிருந்து கிளீவ் மோலர். கோடையில் ஆர்கானில் கூடுவார்கள். மற்ற மாதங்களில் அவரவர் ஊரில் எழுதுவார்கள். ஒவ்வொரு நிரலும் நான்கு வடிவில் வேண்டும்: மெய்யெண்ணுக்கு இரண்டு துல்லியம், சிக்கலெண்ணுக்கு இரண்டு துல்லியம். நான்கையும் கையால் எழுதினால் எங்கேயாவது ஒன்றில் தப்பு புகுந்துவிடும். அதனால் சிக்கலெண் வடிவத்தை மட்டும் எழுதி, மற்றவற்றை ஆர்கானில் உருவான டேம்பர் என்ற கருவியைக்கொண்டு தானாகவே உருவாக்கினார்கள். நிரல் எழுதும் நிரல், 1970-களில்!

1979-ல் லின்பேக்கின் பயனர் கையேடு வந்தது. அந்தச் சமயத்தில் எடுத்த ஒரு புகைப்படத்தில் நால்வரும் டொங்காராவின் காரோடு நிற்கிறார்கள். காரின் நம்பர் பிளேட்டில் இருப்பது ‘லின்பேக்’ என்ற பெயர். காரிலேயே எழுதி ஓட்டும் அளவுக்கு அந்தப் பெயர் மேல் அவருக்குப் பிடிப்பு.

கையேட்டின் பின்னிணைப்பில் டொங்காரா ஒரு சின்ன அட்டவணை சேர்த்தார். 100 சமன்பாடுகளைத் தீர்க்க எந்தக் கணினிக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்ற பட்டியல். இருபதுக்கும் மேற்பட்ட கணினிகள் அதில் இருந்தன. கொலராடோவில் வளிமண்டல ஆராய்ச்சி மையத்தில் இருந்த கிரே-1 முதலிடம், நொடிக்குச் சுமார் 1.4 கோடி கணக்குகள். வாங்கப்போகிறவருக்கு உதவியாக இருக்கட்டும் என்று சேர்த்த அந்தப் பக்கம்தான் வளர்ந்து, 1993 முதல் உலகின் 500 வேகமான கணினிகளைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலானது. ‘உலகின் வேகமான சூப்பர் கம்ப்யூட்டர் எங்களுடையது’ என்று நாடுகள் இன்று பெருமை பேசிக்கொள்வது லின்பேக் பெயரைத் தாங்கிய சோதனையை வைத்துத்தான். 2022-ல் அமெரிக்காவின் ஃபிரான்டியர் கணினி நொடிக்கு 11,000 கோடி கோடி கணக்குகளைத் தாண்டியது. சோதனையின் விதிகள் நடுவில் மாறியிருந்தாலும், அந்தப் பழைய கிரே-1-ஐ விட ஏழாயிரம் கோடி மடங்குக்கு மேல்.

ஆறுக்கு மேல் இடமில்லை

பெயர் ஏன் இப்படிக் குறுகிக் கிடக்கிறது? ஃபோர்ட்ரான் 1957-ல் வெளிவந்தபோது அது ஓடியது ஐபிஎம் 704 என்ற கணினியில். அதன் நினைவகத்தில் ஒரு சொல்லுக்கு 36 பிட். ஓர் எழுத்தை எழுத 6 பிட். ஆக ஒரு சொல்லுக்குள் ஆறு எழுத்து அடங்கும். ஃபோர்ட்ரானில் பெயர்களுக்கு ஆறெழுத்து வரம்பு வந்தது. 704 அருங்காட்சியகத்துக்குப் போன பிறகும் வரம்பு போகவில்லை. ஃபோர்ட்ரான் 77 வரை அதுதான் சட்டம்.

இருப்பதோ ஆறு கட்டம். அதற்குள் எண்ணின் வகையைச் சொல்ல வேண்டும், அணியின் குணத்தைச் சொல்ல வேண்டும், செய்யும் வேலையையும் சொல்ல வேண்டும். லாபேக்கில் இந்தக் கலை உச்சத்துக்குப் போனது. ஐஸ்பேக், லின்பேக் இரண்டின் வேலையையும் ஒன்றாக்கி, புதிய கணினிகளுக்கு ஏற்றபடி திருப்பி எழுதும் திட்டம் அது. லீனியர் ஆல்ஜிப்ரா பேக்கேஜ் என்பதன் சுருக்கமான அந்தப் பெயருக்கே ரோமன் எழுத்தில் ஆறு எழுத்துதான். டென்னசி, பெர்க்லி, நியூயார்க் பல்கலைக்கழகங்களோடு பிரிட்டனின் நேக் குழுவும் சேர்ந்துகொண்டது. டொங்காரா, ஜேம்ஸ் டெம்மல், ஸ்வென் ஹேமர்லிங், ஜெரமி டு க்ரோஸ் என்று நீளும் அணி. முதல் வெளியீடு 1992 பிப்ரவரி 29.

முதல் எழுத்து எண் வகை: எஸ், டி, சி, இசட். அடுத்த இரண்டும் அணியின் வகை: பொதுவானது என்றால் ஜி-இ, சமச்சீர் என்றால் எஸ்-ஒய், மிகைநிலை உறுதி கொண்டது என்றால் பி-ஓ, முக்கோணம் என்றால் டி-ஆர். மீதி மூன்றும் வேலை: சமன்பாட்டைத் தீர் என்றால் எஸ்-வி, முக்கோணக் காரணிகளாகப் பிரி என்றால் டி-ஆர்-எஃப்.

டி-பி-ஓ-டி-ஆர்-எஃப் என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். முதல் முறை பார்க்கிறவருக்கு அச்சுப்பிழை போலத் தெரியும். தெரிந்தவர் ஒரே பார்வையில் படித்துவிடுவார்: எண்கள் இரட்டைத் துல்லியம், அணி மிகைநிலை உறுதி கொண்டது, வேலை முக்கோணப் பிரிப்பு. நடுவில் இருக்கும் அந்த பி-ஓ வெறும் அடையாளம் மட்டுமல்ல. அப்படிப்பட்ட அணி என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் வழக்கமான நீக்கல் முறையில் ஆகும் கணக்கில் பாதி போதும்; வரிசைகளை இடம் மாற்றும் தொல்லையும் கிடையாது. ஒரு நகரத்தின் வானிலைக் கணக்கு மணிக்கணக்கில் ஓடும்போது இரண்டு எழுத்தில் பாதி வேலை மிச்சம். இதை நான் பார்த்த பெயரிடல்களிலேயே மிக நேர்மையானது என்பேன். இங்கே யாருடைய புகழும் இல்லை, விளம்பரமும் இல்லை. உள்ளே என்ன நடக்கிறது என்பதே பெயர்.

பயனர் கையேட்டின் அட்டையில் தங்கள் கலைக்கும் கொஞ்சம் இடம் கொடுத்தார்கள். லாபேக்கின் ஆறு எழுத்துகளையே கூட்டல் கழித்தல் குறிகளோடு வரிசை வரிசையாக அடுக்கி ஓர் அணியாக்கி வைத்தார்கள்.

பெயர் ஒன்று, உள்ளே பல கைகள்

லாபேக்கின் வேகம் லாபேக்கில் இல்லை. அதற்குக் கீழே பிளாஸ் என்ற இன்னொரு அடுக்கு இருக்கிறது. உடன்பாட்டின் கதையில் இதுதான் நடு மையம்.

கலிஃபோர்னியாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தைச் சேர்ந்த சார்லஸ் லாசன், ஃபிரெட் க்ரோ, அவர்களோடு ரிச்சர்டு ஹேன்சன் ஆகியோர் 1973-ல் ஒரு யோசனையை வெளியிட்டார்கள். அணிக் கணக்கு நிரல்கள் எல்லாவற்றிலும் சில சின்ன வேலைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றுக்கு ஒரே பெயர், ஒரே வரிசையில் உள்ளீடுகள் என்று எல்லோரும் ஒத்துக்கொள்வோம். உள்ளே எப்படி எழுதுவது என்பதை அந்தந்தக் கணினியை நன்றாக அறிந்தவர் பார்த்துக்கொள்ளட்டும். டேவிட் கின்கேடும் சேர்ந்துகொள்ள, 1979-ல் அது முறையான கட்டுரையாக வந்தது. ஓர் எண்ணால் பெருக்கிய பட்டியலை இன்னொரு பட்டியலோடு கூட்டும் வேலைக்கு சாக்ஸ்பி என்று பெயர். கட்டளையையே எழுத்தெழுத்தாகச் சேர்த்த பெயர் அது: ஏ, எக்ஸ், கூட்டு, ஒய்.

1980-களில் கணினி மாறியது. செயலி அசுர வேகத்தில் கணக்குப் போட்டது. நினைவகத்திலிருந்து எண்களை எடுத்து வருவதோ மெதுவாகவே இருந்தது. ஒவ்வொரு கரண்டி உப்புக்கும் கடைக்கு ஓடிக்கொண்டிருந்தால் சமையல் எப்போது முடியும்? ஒரு தடவை எடுத்து வந்ததை வைத்து முடிந்த மட்டும் அதிக வேலை செய்ய வேண்டும். சாக்ஸ்பி போன்ற வேலைகளில் அதற்கு வழியில்லை; எடுத்த எண்ணுக்கு ஒன்றிரண்டு கணக்கோடு சரி. அணியை அணியால் பெருக்கும்போது வழி இருக்கிறது. ஆயிரத்துக்கு ஆயிரம் அணி என்றால் மூன்று அணிக்கும் சேர்த்து 30 லட்சம் எண்கள்தான். கணக்குகளோ 200 கோடி. டொங்காரா, டு க்ரோஸ், ஹேமர்லிங், அயன் டஃப் நால்வரும் 1990-ல் பிளாஸின் மூன்றாம் நிலையை வெளியிட்டார்கள். டிஜெம் முறையாக உலகுக்கு அறிமுகமானது அந்தக் கட்டுரையில். உள்ளீடுகள் 13, அவற்றில் எட்டாவதுதான் நாம் பார்த்த பிழைச் செய்தியில் வந்தது.

பொதுவில் கிடைக்கும் டிஜெம்மின் மாதிரி நிரலைத் திறந்து பார்த்தால் அதன் இதயம் மூன்றே சுழல்கள். கல்லூரியில் முதல் செமஸ்டரில் எழுதச் சொல்வார்களே, அதேதான். வேகம் சுமார்தான். ஆனால் எந்த விடை வர வேண்டும் என்பதற்கு அது உரைகல். அதே பெயரில் இன்டெல், ஐபிஎம், ஏஎம்டி, என்விடியா எல்லோரும் தங்கள் சிப்புக்கு ஏற்ற அதிவேக வடிவத்தை எழுதித் தருகிறார்கள். மேலே இருக்கும் நிரலில் ஒரு வரியும் மாற்ற வேண்டாம். சந்தையில் ஒருவரை ஒருவர் வீழ்த்தப் பார்க்கும் நிறுவனங்கள் இந்தப் பெயர்களுக்கு மட்டும் கட்டுப்பட்டு நடக்கின்றன. சட்டம் போட்டு யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

அந்தப் போட்டியில் ஒரு தனி மனிதர் ஜெயித்த கதையும் உண்டு. கசுஷிகே கோட்டோ ஜப்பானின் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்தவர். கணினிச் சிப்புகளின் உள்வேலையைத் தானாகவே கற்றுக்கொண்டார். விடுப்பு எடுத்துக்கொண்டு 2002-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு ஆஸ்டினுக்கு வந்தவர், அங்கேயே ஆராய்ச்சியாளராக இருந்துவிட்டார். எல்லோரும் செயலிக்கு மிக அருகிலிருக்கும் சின்னச் சேமிப்பிடத்தையே குறிவைத்துக்கொண்டிருந்தார்கள். கோட்டோ, எண் இருக்கும் முகவரியைத் தேடிக் கண்டுபிடிப்பதில் வீணாகும் நேரத்தைப் பிடித்தார். அணியின் துண்டுகளை முகவரித் தேடல் குறையும்படி முன்கூட்டியே சீராக அடுக்கிவைத்து, இயந்திர மொழிக்கு நெருங்கிய கட்டளைகளைக் கையாலேயே எழுதி வரிசைப்படுத்தினார். சிப் தயாரித்த நிறுவனமே தந்த நிரலை அவருடைய நிரல் முந்தியது. 2005-ல் நியூயார்க் டைம்ஸ் அவரைப் பற்றிச் செய்தி போட்டது. தன் முறையை ராபர்ட் வான் டி கைனுடன் சேர்ந்து 2008-ல் கட்டுரையாகவும் எழுதிவைத்தார். வித்தையை ஒளித்துவைக்காத அந்தக் கட்டுரையைப் படித்துத்தான் பின்னால் வந்த லைப்ரரிகள் எழுந்தன.

லைப்ரரியின் பெயர் கோட்டோபிளாஸ். ரோமன் எழுத்தில் அவருடைய குடும்பப் பெயர், நிரலர்கள் விலக்கிவைத்த ‘கோ-டு’ கட்டளையைப் போலவே இருக்கும். அது தற்செயல், அந்தப் பெயர் அந்த மனிதருக்கு உரியது. அவர் தனியார் நிறுவன வேலைக்குப் போன பிறகு புதிய சிப்புகளுக்கு அதைப் புதுப்பிக்க ஆளில்லை. சீன அறிவியல் கழகத்தில் இருந்த ஜாங் சியான்யி 2011-ல் அதை எடுத்துத் தொடர்ந்தார். பெயரை ஓபன்பிளாஸ் என்று மாற்றினார். இன்று பைத்தானில் நம்பையை நிறுவினால் பெரும்பாலும் உள்ளே சேர்ந்து வருவது அதுதான்.

ஆக்டேவ் என்று ஒரு பேராசிரியர்

கொடுத்தது எல்லாமே பொதுவில் தங்கிவிடவில்லை. லின்பேக் எழுதிய கிளீவ் மோலர், தன் மாணவர்கள் ஃபோர்ட்ரான் கற்றுக்கொள்ளாமலேயே அதைப் பயன்படுத்தட்டும் என்று எழுதியது மேட்லேப். மேட்ரிக்ஸ் லேபரட்டரி, அதாவது அணிகளின் ஆய்வகம். 1984-ல் அது நிறுவனத்தின் விற்பனைப் பொருளானது. அதில் தப்பில்லை, ஆனால் உரிமம் வாங்க வசதியில்லாத மாணவர்கள் வெளியே நின்றார்கள்.

டெக்சாஸில் வேதிப் பொறியியல் ஆராய்ச்சியில் இருந்த ஜான் ஈட்டன் 1992-ல் ஒரு சுதந்திர மென்பொருளை எழுதத் தொடங்கினார். வேதி வினைக்கலன் வடிவமைப்பு பாடப் புத்தகத்தோடு சேர்ந்து வர வேண்டிய துணை நிரல் அது. பெயர் ஆக்டேவ். இசையின் ஸ்வர மண்டலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது ஈட்டனின் பேராசிரியர் பெயர். ஓரிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஆக்டேவ் லெவன்ஸ்பீல், ஷாங்காயில் பிறந்தவர், பெரிய கணக்கையும் உறையின் பின்பக்கத்தில் போட்டுத் தோராயமாக விடை சொல்லிவிடுவதில் பேர்போனவர். நம் ஊர் கெமிக்கல் இன்ஜினீயரிங் மாணவர்கள் அவரை வேறு வழியில் அறிவார்கள்: வினைப் பொறியியலுக்கு லெவன்ஸ்பீல் புத்தகம் இல்லாத துறை நூலகத்தை நான் பார்த்ததில்லை. அவர் 2017-ல் காலமானார். ஆக்டேவின் உள்ளேயும் லாபேக்கும் பிளாஸும்தான் உழைக்கின்றன.

நம்பையின் பிறப்பு இன்னொரு விதம். 1995-ல் எம்ஐடி மாணவர் ஜிம் ஹுகுனின் பைத்தானுக்காக நியூமெரிக் என்ற லைப்ரரியை எழுதினார். ஹப்புள் தொலைநோக்கியின் மாபெரும் படங்களுக்கு அது போதவில்லை என்று பால்டிமோர் விண்வெளித் தொலைநோக்கி நிறுவனத்தார் நம்அரே எழுதினார்கள். சிறிய பட்டியலுக்கு ஒன்று வேகம், பெரிய பட்டியலுக்கு மற்றது வேகம். பயனர் கூட்டம் இரண்டாகப் பிளந்தது. இரண்டையும் நம்பி எழுதிய நிரல்கள் ஒன்றோடொன்று பேச மறுத்தன. 2005-ல் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் கற்பித்துக்கொண்டிருந்த டிராவிஸ் ஒலிஃபன்ட் தன் ஆராய்ச்சியை ஒதுக்கிவைத்துவிட்டு இரண்டையும் ஒன்றாக்க உட்கார்ந்தார். முதலில் சைபை என்ற பெரிய தொகுப்பின் மையப் பகுதியாக அதை வெளியிட்டார். பட்டியல் வசதி மட்டும் வேண்டுகிறவர் அவ்வளவு பெரிய தொகுப்பை ஏன் சுமக்க வேண்டும் என்று அதைப் பிரித்து, நம்பை என்று பெயர் சூட்டினார்கள். 2006 அக்டோபரில் 1.0 வந்தது. பிளந்த கூட்டம் கூடியது. ஈர்ப்பலைக் கண்டுபிடிப்பின் கணக்குகளிலும், 2019-ல் வெளியான கருந்துளையின் முதல் படத்திலும் நம்பைக்குப் பங்குண்டு.

ஆனால் அதைப் பேணுவதற்கென்றே தனியாக ஒரு நிதி கிடைத்தது 2017-ல்தான். அதுவரை பத்தாண்டுக்கும் மேலாக, சம்பளம் தரும் வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகு உட்கார்ந்து எழுதியவர்களின் உழைப்பில்தான் பெரும்பாலும் ஓடியது. இதை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை. கோடிக்கணக்கில் சம்பாதிக்கும் நிறுவனங்கள் அதன் மேல் நின்றுதான் சம்பாதிக்கின்றன. லின்பேக்குக்கு அமெரிக்க அரசு பணம் கொடுத்தபோது, மென்பொருள் எழுதுவதே வேலை, அதற்குச் சம்பளம் உண்டு என்று ஒத்துக்கொண்டது. அந்தப் புரிதலை அடுத்த தலைமுறை கைவிட்டுவிட்டது.

‘ஓபன் சோர்ஸ்’ என்ற சொல்லே 1998-ல்தான் வந்தது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இவர்கள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 1985-ல் டொங்காராவும் பெல் ஆய்வகத்தின் எரிக் க்ரோஸும் நெட்லிப் என்ற வசதியைத் தொடங்கினார்கள். மின்னஞ்சலில் ஒரே வரி: இந்தத் தொகுப்பிலிருந்து இந்த நிரலை அனுப்பு. படித்துப் பார்த்து அனுப்புவது மனிதர் இல்லை, இன்னொரு நிரல். பதிவு வேண்டாம், கட்டணம் வேண்டாம், யார் எவர் என்ற கேள்வியும் இல்லை. நெட்லிப் இன்றும் இயங்குகிறது, லாபேக்கின் புதிய பதிப்புகளும் வந்துகொண்டிருக்கின்றன.

ஆறெழுத்து வரம்பு எப்போதோ போய்விட்டது. ஃபோர்ட்ரான் 90 பெயர்களுக்கு 31 எழுத்து வரை அனுமதித்தது. லாபேக்கிலும் அடிக்கோடு போட்டு வால் நீட்டிய பெயர்கள் சேர்ந்துவிட்டன. பிளாஸிலும் ஒன்று சேர்ந்திருக்கிறது. விடை சமச்சீராக இருக்கும் என்று தெரிந்தால் முழு அணியையும் கணக்கிடத் தேவையில்லை, பாதி முக்கோணம் போதும். இந்த வேலையை நிறுவனங்களின் லைப்ரரிகளும் ஓபன்பிளாஸும் ஜெம்-டி என்ற பெயரில் பல ஆண்டுகளாகவே தந்துகொண்டிருந்தன. பொது மாதிரி நிரலில் மட்டும் அது இல்லை. அண்மையில் அதையும் சேர்த்தார்கள், ஜெம்-டி-ஆர் என்று. முன்னால் துல்லியத்தைக் குறிக்கும் டி சேரும்போது ஏழு எழுத்து. இனிமேல் இந்த மாதிரியைப் பின்பற்றி பிளாஸ் எழுத உட்காரும் எவரும் அந்த வேலையை அந்தப் பெயரில்தான் தர வேண்டியிருக்கும்.